சம்மதிக்காதவர்களின் வாய்க்கால்

மாதம் ஒரு ஞாயிறு, வீட்டுக்கு ஒருவர் வாய்க்காலில் இறங்கித் தூர்வார வேண்டும்; தவறினால் அபராதம் என்று நகராட்சி தீர்மானம் போட்டது. சைக்கிள் கடைக்காரர் போகவில்லை. அபராத நோட்டீஸ் வந்தது. அதில் கையெழுத்துப் போட்டிருந்தவர் வார்டு உறுப்பினர், அதாவது கடைக்காரருடைய மனைவி.

"கையெழுத்து போடறப்போ கை நடுங்கலையா?"

"இல்ல. பேனா நல்லா எழுதுச்சு."

"நான் உனக்கு ஓட்டே போடல. உங்க தீர்மானம் என்னை எப்படிக் கட்டுப்படுத்தும்?"

"ஓட்டுப் போடப் போனீங்கல்ல? ஜெயிச்சவங்க சொன்னா கேட்கணும்."

"போகாம இருந்திருந்தா?"

"அப்பவும் கேட்கணும்."

"அப்ப நான் சம்மதிக்கலைன்னு எப்படித்தான் சொல்றது?"

மனைவி யோசித்தார். "தாராளமா சொல்லுங்க. சொல்லிட்டு வாய்க்கால்ல இறங்குங்க."

அடுத்த முறை கடைக்காரர் போனார். சுகாதார ஆய்வாளரிடம், "நான் சம்மதிச்சு வரல" என்றார்.

"சரி சார். மண்வெட்டி அங்க இருக்கு."

முழங்கால் அளவு சேற்றில் பக்கத்தில் நின்றவர் தையல்காரர். "நான் உங்க வீட்டம்மாவுக்குத்தான் ஓட்டுப் போட்டேன். ஆனா இதுக்காகப் போடல" என்றார். அவருக்கு அப்பால் நின்ற மருந்துக் கடைக்காரர் வாக்குச்சாவடிப் பக்கமே போனதில்லையாம். சைக்கிள் கடைக்காரர் கரையோரமாக நடந்து ஒவ்வொருவரையும் விசாரித்தார். சம்மதித்து வந்தவர் ஒருவரும் இல்லை. வாய்க்கால் மட்டும் சுத்தமாகிக்கொண்டிருந்தது.

வீடு திரும்பிய கையோடு மனைவியிடம் வெற்றிக் களையுடன் சொன்னார்: "அங்க ஒருத்தர்கூட ஒத்துக்கல."

"நானும்தான் ஒத்துக்கல. கூட்டத்துல எதிர்த்துத்தான் கை தூக்கினேன். தோத்துட்டேன்."

கடைக்காரர் முகத்திலிருந்த வெற்றிக் களை போன இடம் தெரியவில்லை.

"அப்புறம் எதுக்கு நோட்டீஸ்ல கையெழுத்து?"

"தோத்தா போடமாட்டேன்னு சொன்னா, நான் ஜெயிக்கறப்போ மத்தவங்க எப்படிப் போடுவாங்க?"

"தீர்மானம் போட்டவங்க யாரையும் சேத்துல காணோமே."

"உறுப்பினர்களுக்கு விலக்கு இருக்கு. அதையும் எதிர்த்தேன்."

"அதுலயும்..."

"ஆமா."

கடைக்காரர் சேற்றுக் காலைக் கழுவப் போனார்.

அடுத்த மாதம் மனைவியும் கூடவே கிளம்பினார். ஆய்வாளர் பதறிப்போய், "மேடம், நீங்க வர வேண்டியதில்ல" என்றார். மேடம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார். பிடிக்கிற விதமே சரியில்லை என்றார் கடைக்காரர். மேடம் தான் பிடித்தபடியே வெட்டினார்.