எலுமிச்சம்பழம் வைத்த சக்கர நாற்காலி

இதனால் சகல தமிழ் மக்களுக்கும் பெருமிதத்துடன் அறிவிக்கப்படுவது யாதெனில்: சென்ற பள்ளி விடுமுறையின் முதல் ஞாயிறு, காலை பதினொன்று இருபதுக்கு, பினாங்குத் தீவின் மலைச்சரிவில் அமைந்த ஒரு கேளிக்கைப் பூங்காவில், ஒளிச்சிகரம் சமூகநல இயக்கத்தின் நிறுவனரும் தலைவரும் ஆயுட்காலப் புரவலருமான திரு. புவனேஸ்வரன் அவர்கள், தம் உடன்பிறந்த தங்கைக்குச் சக்கர நாற்காலி ஒன்றை வழங்கினார். நாற்காலிக்கு மாலை போடப்பட்டது. நாற்காலிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டன. நாற்காலியின் சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழங்கள் வைக்கப்பட்டன. நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள் என்பதையும் உபரித் தகவலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தங்கை, துளசி, என் மனைவி. ஆகவே புவனேஸ்வரன் பதினாறு வருடமாக எனக்கு மச்சான். ஜுருவில் பழைய கார் விற்கிறார். கதவைச் சாத்தும் சத்தத்தை வைத்தே கார் எத்தனை கை மாறியது என்று சொல்லிவிடுவார். பிரேக் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

துளசிக்கு இரண்டு வருடமாக நரம்புக் கோளாறு. கால்கள் நடக்கும். ஆனால் அளந்துதான் நடக்கும். ஒரு நாளைக்கு நாற்பது காலடி. வெயில் ஏறினால் அதுவும் உத்தரவாதமில்லை. நாற்பதைத் தாண்டினால் முதலில் இடது பாதம் நடுங்கும், பிறகு முட்டி மடங்கும், பிறகு தரை. "நடக்கத்தான் முடியுதே, அப்புறம் எதுக்கு வீல்சேர்?" என்று கேட்பவர்களுக்கு அவள் ஒரு பதில் வைத்திருந்தாள்: "பேட்டரி அஞ்சு பெர்சன்ட் இருந்தாலும் போன் ஆன்லதான்லா இருக்கும்."

எங்கள் மகள் விஷாலினிக்குப் பதினொரு வயது. பூங்காவின் உச்சியில் ஒரு படகு உண்டு. மேலே இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் தொபீரென்று விடுவார்கள். சென்ற வருடம் என்னோடு ஏறச் சொன்னதற்கு மறுத்துவிட்டாள். "அம்மாகூடதான். அம்மா வர வரைக்கும் வெயிட் பண்றேன்." இந்த வருடம் டாக்டர், படகில் உட்காரலாம் என்று சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது படிகள் மட்டும். ஏறப் பன்னிரண்டு, இறங்கப் பன்னிரண்டு.

காலையில் ஜார்ஜ்டவுன் ஹோட்டல் அறையில், கட்டிலுக்கும் குளியலறைக்குமாகப் பதினான்கு செலவாகிவிட்டது. கையில் இருபத்தாறு. தேவை இருபத்துநான்கு. காரில் வரும்போது துளசி மகளிடம் கண்டிப்பாகச் சொன்னாள்:

"படிக்குப் பக்கத்துல வரைக்கும் அப்பா தள்ளுவாரு. நான் தரையில கால் வைக்க மாட்டேன். இன்னிக்கு என் காலு படகுக்குத்தான்."

"ரெண்டு மிச்சம் இருக்கும்மா."

"அது எமர்ஜென்சிக்கு."

எமர்ஜென்சி வாசலில் காத்திருந்தது. மச்சான் "ரெண்டு நாள் ஃபேமிலி ஹாலிடே, எல்லாம் நான் பாத்துக்குறேன்" என்று அழைத்தபோது, ஃபேமிலி என்பதற்குள் இயக்கச் செயலாளர் ஜெயராஜும், புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வேனில் வந்த இருபது உறுப்பினர்களும், பன்னிரண்டு அடி பேனரும் அடக்கம் என்று எங்களுக்குத் தெரியாது. அனைவரும் ஊதா நிற டி-சட்டை அணிந்திருந்தார்கள். சட்டையின் முதுகில் மச்சான் சிரித்தார்.

காரிலிருந்து துளசியைத் தூக்கி, 'பழசைக் கொண்டு வராதீங்க' என்று சொல்லி மச்சான் வாங்கி வைத்திருந்த புது நாற்காலியில் உட்கார வைத்தேன். அதன் இரண்டு பக்கமும் பலகை முடுக்கியிருந்தார்கள். இடப்பக்கம் தமிழில், வலப்பக்கம் மலாயில். நம்மவர்கள் கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தாலும் வெளிச்சம் வரும் இடத்தில் பெயர் எழுதுவார்கள். இங்கே லைட் இல்லாததால் 'அன்பளிப்பு' என்ற சொல்லோடு மச்சானின் படம், பட்டங்கள், கைபேசி எண் அனைத்தும் இருந்தன. கீழே சிறிய எழுத்தில் 'கார் லோன் ஏற்பாடு செய்து தரப்படும்.'

"அண்ணே, எனக்குக் குடுத்ததா, இல்ல என்னை வெச்சு விளம்பரமா?"

"விளையாடாத துளசி. நாலு பேரு பாத்தாதான் நாலு பேரு குடுப்பாங்க."

டிக்கெட் முகப்பில் சித்தி ஆயிஷா என்ற பூங்கா ஊழியர் இருந்தார். நம்மைப் போலவே தமிழ் பேசுகிற பெண். "அக்கா, எங்ககிட்ட ஒரு வீல்சேர் இருக்கு. ஃப்ரீதான். ஒண்ணே ஒண்ணுதான், இப்பவே எடுத்துக்குறீங்களா? பிரேக்கெல்லாம் பக்காவா இருக்கும்."

மச்சான் மார்பை நிமிர்த்தினார். "எங்க வீட்டுப் பொண்ணு இரவல் வண்டியில போறதா? வேற யாருக்காச்சும் குடும்மா."

வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பேனரோடு ஒரு கூட்டம் உள்ளே போனால் ஊழியர் ஒருவர் உடன் போக வேண்டும் என்பது விதி. ஆகவே சித்தி ஆயிஷாவும் எங்களோடு ஏறினார்.

வாசலிலிருந்து படகு வரை நானூறு மீட்டர் என்று பலகை சொன்னது. முழுக்க ஏற்றம் என்பதை என் முதுகெலும்பு சொன்னது. மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு போனேன். படகின் படிக்கட்டுக்கு ஏழு காலடி முன்னால் மச்சான் கையைத் தூக்கினார்.

"இங்கதான். இங்க நின்னா பின்னாடி சறுக்கலும் தெரியும், மலையும் தெரியும். சேரைத் திருப்புங்க மாப்ள."

திருப்பினேன். இப்போது துளசி சரிவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பாதை நேராக இறங்கி, நாற்பதடியில் வளைந்தது. வளைவில் முட்டியளவு தடுப்பு. அதற்கப்பால் படகு விழும் குளம். பாதையின் நடுவில் ஜெயராஜ் கைபேசியைத் தூக்கிப் பிடித்து நேரலையைத் தொடங்கினார்.

பிரேக்கை இழுத்தேன். லீவர் பாதி வந்து, தமிழ்ப் பலகையில் முட்டி நின்றது. மறுபக்கம் இழுத்தேன். மலாய்ப் பலகையில் முட்டி நின்றது. சக்கரத்தைத் தொடவே இல்லை.

நான் நாற்காலியின் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்தேன். அந்த நிமிடத்திலிருந்து பிரேக் நான்தான்.

"மச்சான், பிரேக் பிடிக்கல."

"புது வண்டி மாப்ள. நேத்துதான் பொட்டியப் பிரிச்சோம்."

"உங்க பலகை தடுக்குது. கழட்டினா சரியாயிடும்."

கோயிலில் மூலவரைக் கழற்றச் சொன்னவனைப் பார்ப்பதுபோல ஜெயராஜ் என்னைப் பார்த்தார். "லைவ் போயிட்டு இருக்குண்ணே," என்றார் மெதுவாக.

"பழம் வைங்கப்பா," என்றார் மச்சான். "பழம் புடிச்சுக்கும்."

அவர் விற்கும் ஒவ்வொரு காருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றித்தான் அனுப்புவார். சக்கரமுள்ள எதுவும் அவர் கையிலிருந்து பூசை இல்லாமல் போனதில்லை. பெரிய சக்கரங்களுக்கு முன்னால் ஒவ்வொரு பழம் வைத்தார்கள். என் மனைவிக்கும் குளத்துக்கும் நடுவே இரண்டு எலுமிச்சம்பழமும் என் பத்து விரலும்.

மச்சான் பேசத் தொடங்கினார். இயக்கம் பிறந்த கதையைச் சொன்னார். அதற்கு முன் தாம் பிறந்த கதையைச் சொன்னார். வெயில் நேராக இறங்கியது. என் உள்ளங்கை வியர்த்துக் கைப்பிடி வழுக்கியது. ஒரு கையை எடுத்துத் துடைக்கலாம் என்று நினைத்தேன். நாற்காலி அரை விரற்கடை நகர்ந்தது. துடைக்கவில்லை.

"அங்கிள், இது சரிவு," என்றார் சித்தி ஆயிஷா. "இப்படி நிறுத்தக் கூடாது. மேல சமதளத்துக்குக் கொண்டு போயிடுங்க."

"ரெண்டே நிமிஷம்மா. கீழ் நிலையில் வாழும் நம் மக்களுக்கு..."

விஷாலினி என் சட்டையை இழுத்தாள். "அப்பா. அம்மா காலு."

துளசியின் இடது பாதம் மிதியில் நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலடிகூட வைக்காமல், வெயிலே செலவு செய்துகொண்டிருந்தது. இருபத்தாறில் இப்போது எத்தனை பாக்கி என்று எங்கள் மூவருக்கும் தெரியவில்லை.

"அண்ணே, போதும்ணே. சூடு எனக்கு ஆகாது."

"முடிஞ்சிருச்சும்மா. பழம் ஏத்துறதோட முடிஞ்சிருச்சு. மாப்ள, கொஞ்சம் ஒதுங்குங்க. உங்க தலை பேனரை மறைக்குது. வண்டிய நான் தள்ளணும்."

"ஏத்தினா பழம் நசுங்கிடும் மச்சான். அப்புறம் நிக்காது."

"நான் புடிச்சுக்குறேன்லா."

அவருடைய ஒரு கை கேமராவைப் பார்த்துக் கும்பிடுவதற்குத் தயாராக மார்பருகே இருந்தது. பிடிப்பதற்கு மற்றது மட்டும்தான்.

பதினாறு வருடத்தில் நான் மச்சானிடம் சொல்லாத சொல் ஒன்று உண்டு. கல்யாணத்துக்குத் தம் விலாசத்தை என் பத்திரிகையில் பெரிதாகப் போட்டபோதுகூடச் சொல்லவில்லை.

"முடியாது," என்றேன்.

இருபது ஊதாச் சட்டைகளும் திரும்பின. ஜெயராஜ் கைபேசியைக் கொஞ்சம் கிட்டே கொண்டு வந்தார்.

"மாப்ள," என்றார் மச்சான், பல்லைக் கடித்துச் சிரித்தபடி. "ஜனங்க பாக்குறாங்க. கைய எடுங்க."

அவர் கை என் கைமேல் விழுந்தது. விரல்களை ஒவ்வொன்றாக நெம்பத் தொடங்கியது. சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது.

துளசி திரும்பிப் பார்க்கவில்லை. "ஏங்க, படி எவ்ளோ தூரம்?"

"ஏழு."

அவள் கணக்குப் போட்டது அவள் பிடரியில் தெரிந்தது. "விஷா, இந்தப் பக்கம் வா. கையக் குடு. ஏங்க, நீங்க சேரை விட்டுடாதீங்க, நான் எந்திரிக்கிற வரைக்கும்."

கால்மிதியை மகள் மடக்கினாள். துளசி எழுந்தாள். ஒரு நொடி ஆடினாள். நின்றாள். நாற்காலியைவிட்டு ஒதுங்கினாள்.

நான் கையை எடுத்தேன். மச்சான் ஒரு கையால் கும்பிட்டு மறு கையால் தள்ளினார். பழங்கள் நசுங்கின. அவ்வளவு தூரம் திட்டமிட்டபடியே நடந்தது.

பிறகு நாற்காலி மாலையோடு புறப்பட்டது. ஜெயராஜ் பக்கத்துச் செடியில் விழுந்தார். கைபேசி விழவில்லை. சக்கரம் தடுப்பில் மோதி மடங்க, நாற்காலி கரணம் அடித்துக் குளத்தில் இறங்கியது. கடைசியாகத் தெரிந்தது மலாய்ப் பலகை.

எனக்குப் பின்னால் துளசியின் குரல் கேட்டது. "மூணு. நாலு. அஞ்சு."

செடிக்குள்ளிருந்து ஜெயராஜ் அலறினார். "தலைவரே! நடக்குறாங்க! அக்கா நடக்குறாங்க!"

மச்சான் குளத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். கைபேசியைப் பார்த்தார். பழைய காரில் பள்ளம் கண்டால் அதன்மேல் பூப்படம் ஒட்டி 'ஸ்பெஷல் எடிஷன்' என்று விற்கத் தெரிந்தவர். மூன்று நொடிதான் எடுத்துக்கொண்டார்.

"பாருங்கள்!" என்று கையை உயர்த்தினார். "நாற்காலியில் உட்கார்ந்தாள்! எழுந்தாள்! அன்பின் சக்தி!"

கைதட்டல் எழுந்தது. ஓர் அம்மையார் அழவே தொடங்கிவிட்டார். நான் அவர்களை விலக்கிக்கொண்டு ஓடித் துளசியின் மறுகையைப் பிடித்தேன். ஒவ்வொரு படியாக ஏறினோம். பத்தில் முட்டி மடங்கப் பார்த்தது. பதினொன்றில் அவள் என் தோளைக் கடித்தாள். பன்னிரண்டு.

படகில் இருவரும் உட்கார்ந்தார்கள். குளத்திலிருந்து நாற்காலியை இழுத்துப் போட்டதும் படகு ஏறியது. உச்சியில் ஒரு கணம் நின்றது. விஷாலினியின் அலறல் முதலில் வந்தது, துளசியுடையது அதைவிடச் சத்தமாக வந்தது. தண்ணீர் எழுந்து அவர்களை மறைத்தது. வெளியே வந்தபோது என் மனைவி தலை முதல் கால் வரை நனைந்து, வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை.

இறங்கும்போது ஏழு படிதான் கால் தாங்கியது. மிச்ச ஐந்தையும் உட்கார்ந்தே இறங்கினாள், ஒவ்வொரு படியாக, கையை ஊன்றி. கீழே ஜெயராஜ் நேரலைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நன்றிப் பெருக்கில் படியைத் தொட்டு வணங்கி வணங்கி இறங்குறாங்க!"

கடைசிப் படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கால்களும் அவளுடையவை அல்லாததுபோல ஆடிக்கொண்டிருந்தன. விஷாலினி அவற்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மச்சான் கண்களைத் துடைத்தபடி வந்து தங்கையின் ஈரத் தலையில் கை வைத்தார். நேரலையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்று முதல்," என்றார், குரல் தழுதழுக்க, "இந்தத் தங்கைக்குச் சக்கர நாற்காலி தேவையில்லை!"

திரையில் இதயங்கள் பறந்தன. இயக்கம் கோஷம் போட்டுக்கொண்டே பிரியாணிக்குப் புறப்பட்டது. குளத்திலிருந்து இழுத்துப் போட்ட நாற்காலியின் ஒரு சக்கரம் எட்டாக மடங்கியிருந்தது. பலகைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சித்தி ஆயிஷா வாக்கிடாக்கியைக் காதிலிருந்து இறக்கி, எங்களைப் பார்க்காமல் சொன்னார்:

"அக்கா, எங்க வீல்சேர் வெளிய போயிருக்கு. சாயங்காலம்தான் திரும்பும்."

வாசல் நானூறு மீட்டர் தள்ளி இருந்தது.