பூலாவளவில் ஏறிய கடல்

எடப்பாடிக்கு வடக்கே பூலாவளவில், அருணகிரியின் புன்செய்க் காட்டில் போட்ட போர்வெல்லில் எண்ணூறு அடிக்குக் கீழே கடல் வந்தது. அது இரண்டாயிரத்துப் பதினாறாம் வருஷம் ஆவணி மாதம், மரவள்ளி, அதாவது குச்சிக்கிழங்கு, விலை படுத்துக் கிடந்த சமயம். அதுவரை வெள்ளைப் புழுதியை மட்டுமே தள்ளிக்கொண்டிருந்த ரிக் வண்டி ஒருமுறை குலுங்கி, பச்சைத் தண்ணீரைப் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சியது. கூடவே விரல் நீளத்துக்குச் சில மீன்கள் விழுந்து கல்லின்மேல் துள்ளின. திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்த ரிக்காரர்கள், தங்களுக்குக் கூலி அடிக்கணக்குத்தான், என்ன தண்ணீர் வந்தது என்பது தங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பிப் போனார்கள். மோட்டார் இறக்குவதற்காக எடப்பாடி கடைவீதியிலிருந்து வந்திருந்த பம்புசெட் கடை மொய்தீன், ஒரு வாய் ஏந்திக் குடித்துத் துப்பினார். "உப்புத்தானுங்க. ஆனா நம்ம பக்கத்துக் கடல் இல்லை. நாகூர்ல எறங்கிக் குளிச்சிருக்கேன், அது வெதுவெதுன்னு இருக்கும். இது பல்லைக் கூசுதுங்க" என்றார். மோட்டார் இறக்கினால் துரு தின்றுவிடும் என்பதால் இறக்கவில்லை. துளைக்குள் இறக்கியிருந்த கேசிங் பைப்பின் வாயில் ஒரு சாக்கைச் சுற்றி மேலே ஒரு கல்லை வைத்தார்கள். மீன்களை அடுத்த காட்டுக்காரர் சின்னண்ணன் வீட்டுப் பூனை தின்றது.

அந்த வாரம்தான் அருணகிரியின் மகன் தனசேகர் விமானம் ஏறியிருந்தான். அவன் கடற்படையில் இன்ஜின் மெக்கானிக். வடக்கே ஒரு குளிர் தேசத்திடமிருந்து நம் அரசாங்கம் ஒரு போர்க்கப்பல் வாங்கியிருந்தது. புதுசு அல்ல, அந்த நாட்டுக்காரர்கள் தங்கள் காலத்துக்கு ஓட்டிவிட்டு, கட்டுப்படியாகாமல் ஒரு ஆற்றின் வாயில் கட்டிப்போட்டிருந்த கப்பல். அதைப் பிரித்து, துருவைச் சுரண்டி, புது இன்ஜினும் புது பீரங்கியும் வைத்து இரண்டு வருஷத்தில் ஒப்படைப்பதாகப் பேச்சு. புதுக் கப்பல் விலையில் பாதிதான் ஆகும் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். கப்பலைப் பழகிக்கொள்ள முன்கூட்டியே போன ஆட்களில் தனசேகரும் ஒருவன். அவன் போகும்போது மனைவி சுகன்யா ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். குழந்தையின் இரண்டாவது பிறந்தநாளுக்குக் கட்டாயம் வீட்டில் இருப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனான். பெண் குழந்தை பிறந்தது. மோகனப்பிரியா என்று பெயர் வைத்தார்கள். சுகன்யா வீட்டை ஒட்டிய கொட்டகையில் ஆறு பவர்லூம் தறிகளை ஓட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் அவனுக்குக் குழந்தையைக் காட்டினாள்.

கப்பலின் மேல்தட்டைப் பிரித்த பிறகுதான் உள்ளே இருந்தது தெரிந்தது. வயர்கள் முழுக்க மட்கிப் போயிருந்தன. இழுத்தால் பாகற்கொடி மாதிரி கையோடு வந்தன. கண்ணுக்குத் தெரிந்ததற்குத்தான் முதலில் சொன்ன விலை, தெரியாமல் இருந்ததற்குத் தனி விலை என்று கப்பல் கட்டும் யார்டுக்காரர்கள் சொன்னார்கள். டெல்லியிலிருந்து அதிகாரிகள் போய், பேசி, புதுத் தேதியோடும் புது விலையோடும் திரும்பினார்கள். இன்னும் ஒன்றரை வருஷம் ஆகும், கப்பலை ஒப்படைக்கும்வரை லீவும் கிடையாது என்று தனசேகர் போனில் சொன்ன மறுநாள் காலை, போர்வெல் மேல் வைத்த கல் தானாக நகர்ந்து கிடந்தது. அருணகிரி கயிற்றில் கல் கட்டி இறக்கிப் பார்த்தார். பாதிக் கயிறுகூடப் போகாமலே நனைந்துவிட்டது. கடல் மேலே வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு கப்பல் தேதி தள்ளிப்போன ஒவ்வொரு முறையும் அது ஏறியது. பேப்பர் வருவதற்கு முன்பே பூலாவளவில் தெரிந்துவிடும்.

சத்தத்தை முதலில் கேட்டவள் சுகன்யா. ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போனவள் பைப்பில் கை வைத்தபோது அது அதிர்ந்தது. காதை வைத்தாள். ரொம்பத் தூரத்தில் இரும்பின்மேல் சுத்தியல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு சங்கு ஊதியது. புரியாத பாஷையில் யாரோ யாரையோ திட்டினார்கள். அப்புறம் ஒரு இருமல் கேட்டது. இரண்டு சின்ன இருமலும் ஒரு பெரிய இருமலும், தாலி கட்டின நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த அதே இருமல். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள்.

"ஏனுங்க, வியாழக்கிழமை பூரா இருமிட்டே இருந்தீங்களா?"

"ஆமா. பெயின்ட் சுரண்டுற தூசி. உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. சுக்குத் தண்ணி வெச்சுக் குடிங்க" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து தறி ஓட்டி முடித்ததும் பைப்புக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார்ந்துகொள்வது அவளுக்கு வழக்கமாயிற்று. பூலாவளவுப் பெண்கள் அதை டிவி சீரியல் பார்ப்பது மாதிரி எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு என்ன வேலை நடந்தது என்று வந்து கேட்டுப் போனார்கள்.

மூன்றாம் வருஷம் சின்னண்ணனின் காடு வெளுத்தது. அவர் அருணகிரிக்குப் பங்காளி. அவருடைய கிணற்றுத் தண்ணீரை எருமைகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. குச்சிக்கிழங்குச் செடி இலைகளை உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நின்றது. பிடுங்கிப் பார்த்தால் கிழங்கின்மேல் உப்பு பூத்திருந்தது. அடுத்த மழைக்குள் ஆறேழு குடும்பங்களின் கிணறு போயிற்று. சேலத்திலிருந்து வந்த அதிகாரிகள் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் போய், குடிக்க உகந்ததல்ல என்று எழுதி அனுப்பினார்கள். ஊர் மாரியம்மன் கோயில் முன்னால் கூடியது. போர்வெல்லை கான்கிரீட் போட்டு மூட வேண்டும் என்று சின்னண்ணன்தான் முதலில் கேட்டார். அருணகிரி மறு பேச்சுப் பேசவில்லை. மறுநாளே ஜல்லியும் சிமெண்டும் வந்து இறங்கின. கலவை போடும்போது சுகன்யா இடுப்பில் குழந்தையோடு வந்து பைப்பின் வாயில் உட்கார்ந்தாள்.

"எந்திரி அம்மிணி" என்றார் அருணகிரி.

"எந்திரிக்க மாட்டேனுங்க மாமா. இதை மூடுனா அவருக்கு அங்க மூச்சு முட்டும்."

"அவன் இருக்கறது பூமிக்கு அந்தக் கோடி. கெணத்துக்குள்ளயா இருக்கான்?"

"நீங்களே வந்து காதை வெச்சுப் பாருங்க."

அருணகிரி குனிந்து காதை வைத்தார். வெகுநேரம் அப்படியே இருந்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. மகன் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான் என்று சொன்னார். ஊர் யோசித்தது. கப்பல் வர இன்னும் ஒரு வருஷம்தான், அதுவரை பொறுக்கலாம் என்று சின்னண்ணனே சொன்னார். சிமெண்டைக் கோயில் மதில் கட்ட எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஒரு வருஷம் முடிகிற சமயத்தில் கொரோனா வந்து யார்டை மூடினார்கள். மாதக்கணக்கில் பைப்பில் அலையைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. திறந்த பிறகு, சும்மா கிடந்த காலத்தில் புதுசாக வைத்த சாமான்களும் துருப் பிடித்துவிட்டன என்று மறுபடியும் விலையை ஏற்றினார்கள். இப்போது அது புதுக் கப்பலின் விலையைத் தாண்டியிருந்தது. வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்று டெல்லியில் சிலர் கேட்டதாகவும், இவ்வளவு கொடுத்த பிறகு விட்டால் கொடுத்ததெல்லாம் வீண் என்று வேறு சிலர் சொன்னதாகவும் பேப்பரில் வந்தது. பூலாவளவிலும் கோயில் முன்னால் மறுபடி கூடினார்கள். கடல் அதற்குள் பைப்பின் வாய்க்குக் கீழே ஆளுயரத்தில் நின்றது. பாதி ஊரின் காடு போயிருந்தது. இந்த முறை சுகன்யாவே எழுந்து நின்று, மூடிவிடலாம் என்றாள். இரவெல்லாம் யோசித்ததாகவும், தன் ஒருத்திக்காக இத்தனை பேர் வயிற்றில் அடிப்பது தாங்கவில்லை என்றும் சொன்னாள்.

சின்னண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "இப்ப மூடறதா? என்னோட மூணு ஏக்கரா போயிருச்சு அம்மிணி. எருமையை வித்துட்டேன். புள்ளைங்க திருப்பூருக்குப் போயிருச்சுங்க. இப்பப் போயி மூடுனா அத்தனையும் சும்மா போன மாதிரி ஆயிருமல்ல? கப்பல் வரட்டும். வந்தாத்தான் போனதுக்கு ஒரு அர்த்தம்" என்றார். அதிகம் இழந்தவர்கள் அதிகமாகத் தலையாட்டினார்கள். இழக்காதவர்கள், தாங்கள் பேசினால் நன்றாக இருக்காது என்று பேசாமல் இருந்தார்கள். அன்றைக்கு அது தனசேகரின் கப்பலாக இருந்தது போய் ஊரின் கப்பலாக ஆயிற்று. சுகன்யா உட்கார்ந்துகொண்டாள். பைப்பை மூட ஊரே திரண்டு வந்தபோதுகூட இவ்வளவு பயம் வந்ததில்லை என்று பிற்பாடு மொய்தீனின் மனைவி ரஹமத் பீவியிடம் சொன்னாள்.

கப்பலைக் கடலில் ஓட்டிப் பார்த்தது இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம் பங்குனியில். காலையிலிருந்தே பைப் உறுமியது. பூலாவளவுத் தகரக் கூரைகள் அதிர்ந்தன. ஊரே கூடி நின்று கேட்டது. சின்னண்ணன் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டினார். மத்தியானம் உறுமல் உச்சத்துக்குப் போனபோது பைப்பிலிருந்து வெந்நீர் பொங்கியது. அப்புறம் கறுப்பு எண்ணெய் பொங்கியது. பின்வாங்கி ஓடிய கூட்டத்துக்கு எதிராகச் சுகன்யா முன்னால் ஓடினாள். சூடான இரும்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து, "ஏனுங்க, மேல வாங்க! போட்டது போட்டபடி மேல வாங்க!" என்று கத்தினாள். அவள் உள்ளங்கைத் தோல் இரும்போடு போயிற்று. அருணகிரி அவளைப் பிடித்து இழுத்துப் போடும்வரை கத்திக்கொண்டேயிருந்தாள். பிறகு உறுமல் நின்றது. அலைச் சத்தம்கூட இல்லை.

மூன்றாம் நாள்தான் போன் வந்தது. பாய்லர் வெடித்து இன்ஜின் அறை எரிந்துவிட்டது. தனசேகரோடு நின்ற யார்டு ஆட்கள் இரண்டு பேர் இறந்துபோனார்கள். "நீ கூப்புட்டது கேட்டுச்சு. ஏணில ஏறிட்டேன்" என்றான் அவன். சுகன்யா அழுதாள். அவன் அழவில்லை. "பக்கத்துல நின்னவங்களுக்கும் கேட்டுச்சு சுகன்யா. யாரு, என்ன சொல்றாங்கன்னு என்கிட்டக் கேட்டாங்க. நான் பதில் சொல்றதுக்கு நிக்கல" என்றான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் பேசுவது குறைந்துபோயிற்று. குழந்தையைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

எரிந்ததைச் சரிசெய்ய இன்னொரு விலை, இன்னொரு தேதி. அந்தச் செய்தி வந்த அன்று கடல் பைப்பின் வாயைத் தாண்டி வழிந்தது. முதலில் வாய்க்கால் மாதிரி ஓடியது. தைக்குள் அருணகிரியின் காடும் சின்னண்ணனின் காடும் ஒரே தண்ணீராக ஆயின. பைப் எங்கே இருந்தது என்பதே தெரியாமல் போயிற்று. பள்ளத்தில் இருந்த வீட்டுக்காரர்கள் மேட்டுக்கு மாறினார்கள். காலையில் இறங்கி சாயங்காலம் ஏறுகிற அலைக்கு ஏற்றபடி பள்ளிக்கூடத்து நேரத்தை மாற்றினார்கள். எடப்பாடி மினி பஸ் அரை மைல் முன்னாலேயே நின்று திரும்பியது. தாசில்தார் ஆபீசில் அந்த நிலத்தைப் புன்செய் என்றே வைத்திருந்தார்கள், வரியும் அப்படியே வந்தது. மொய்தீன் பழைய டிரம்களைக் கட்டி ஒரு தெப்பம் செய்து கொடுத்தார். சுகன்யா ஆறு தறிகளில் மூன்றைத்தான் மேட்டுக்குக் கொண்டுபோக முடிந்தது. சாயங்காலத்தில் நடுக்கடலில் சாம்பல் நிறத்தில் ஏதோ பெரிதாக நிற்பதாகக் குழந்தைகள் சொன்னார்கள். பெரியவர்களும் பார்த்தார்கள். அது நகரவில்லை. விளக்கும் போடவில்லை. கடலைப் பார்த்து இருந்த சன்னல்களைச் சாத்திவிட்டுச் சோறு ஆக்கினார்கள்.

கப்பலைக் கடைசியில் கொடுத்தார்கள். பேண்டு வாசித்து, கொடி ஏற்றி, படம் எடுத்து, நம் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த பிறகு, இரண்டாயிரத்து இருபத்துநான்காம் வருஷம் ஆடியில் தனசேகர் ஊருக்கு வந்தான். மினி பஸ் நின்ற இடத்தில் இறங்கி, பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தான். தலை பாதி நரைத்திருந்தது. ஏழு வயது மோகனப்பிரியா கரையில் நின்று அவனைப் பார்த்துவிட்டு, போனில் இருப்பதைவிட உயரமாக இருக்கிறார் என்று அம்மாவிடம் சொன்னாள். சுகன்யா அவன் கையிலிருந்த பெட்டியை வாங்கினாள். வடுப் பிடித்த அவள் உள்ளங்கைகளை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு தண்ணீரைப் பார்த்தான். அந்தப் பச்சை நிறமும் குளிரும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தவை.

"இதை ஏன் மூடாம உட்டீங்க?" என்று கேட்டான்.

கரையில் ஊரே கூடியிருந்தது. சின்னண்ணன்தான் முன்னால் வந்தார். கரையோரத்தில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருப்பதுதான் அப்போது அவருடைய வேலை. "அதை உடு சாமி. கப்பல் எப்படி, நல்லா ஓடுதா?" என்று கேட்டார். எல்லோரும் கிட்ட வந்து நின்றார்கள்.

தனசேகர் சுருட்டிய பேண்ட்டை இறக்கிவிட்டான். "துறைமுகத்துல கட்டிப் போட்டிருக்குதுங்க சித்தப்பா. வர வழியிலயே அடித்தட்டுல விரிசல் உட்டுருச்சு. திரும்பவும் பிரிக்கோணும்ங்கறாங்க" என்றான்.

சின்னண்ணன் தலையை ஆட்டினார். கோபமோ வருத்தமோ அவர் முகத்தில் தெரியவில்லை. "பிரிக்கட்டும். நல்லபடியாப் பிரிச்சுப் பூட்டுனா இன்னும் ஒரு வருஷத்துல ஆயிரும்" என்று சொல்லிவிட்டு, போய் மறுபடியும் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மற்றவர்களும் கலைந்து போனார்கள். தனசேகர் மேட்டு வீட்டுக்கு வந்தும் வாசலிலேயே நின்றான். அலை ஏறுகிற நேரமாகிவிட்டது என்று சுகன்யா வாசலில் கிடந்த கட்டிலை உள்ளே எடுத்துப்போட வந்தாள். அவன் குனிந்து மறு தலைப்பைப் பிடித்துத் தூக்கினான்.