பதினோராவது வருஷம்

சனிக்கிழமை காலை, தங்கச் சுரங்கம் மூடிப்போன ஊரான கோரமண்டலில் ரயில் ஏறிய சங்கமித்ராவின் முகத்தில் ஈயாடவில்லை. ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்த தோழி டீனா, "இன்னா ஆச்சு?" என்றாள்.

ஆனது இதுதான். வார நாட்களில் பெங்களூரில் வேலை, சனிக்கிழமைகளில் எம்.பி.ஏ. வகுப்பு. கார்ப்பரேட் ஃபைனான்ஸில் ஏற்கெனவே ஒரு முறை கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் விட்டால் கம்பெனி கட்டும் ஃபீஸ் நின்றுவிடும். படிப்பும் அதோடு சரி. தேறுவதற்கு இன்றைய கேஸ் ஒன்றுதான் கதி. பத்து வருஷம் ஓடப்போகும் ஒரு செம்புச் சுரங்கம். வரப்போகும் பணத்துக்கும் செலவுக்கும் இன்றைய மதிப்புப் போட்டு, அதில் முதல் போடலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அத்தனை பேருக்கும் எட்டுக் கோடி லாபம். இவளுக்கு மட்டும் மூன்று கோடி நஷ்டம்!

"நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன் டீனா. மைனஸ்தான் வருது."

எதிர் சீட்டில் லாய்ட் அண்ணன், ஃபேக்டரி ஃபிட்டர். அந்தப் பெட்டியில் யாருடைய கஷ்டமும் அவரவர் மடியோடு நின்றதில்லை. லேப்டாப்பை வாங்கித் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பத்து வருசத்துல மைன மூடிடறாங்க. அப்புறம் இன்னாத்துக்கு முப்பது வரைக்கும் எழுதிக்கீற?"

"மைனுக்குள்ள ரொம்பற தண்ணிய எறைக்க வேணாவாண்ணா? மலையாட்டம் கெடக்கற கழிவு டம்ப் மேல மண்ணு கொட்டி மரம் நடணும். இல்லன்னா காத்தடிச்சா தூளு பூரா சோத்துலதான்."

"ஆமா, கரெக்ட்டுதான?" அவருக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. "மைன் ஷாஃப்ட்டுக் குழிய சுத்தி வேலி போட்டியா? மாடு உழுந்துடும்மா."

"வேலி போட்டா ஆச்சா? வாட்ச்மேன் வேணாவா?" என்றாள் டீனா.

மாலூர் வருவதற்குள் நஷ்டம் நாலு கோடியாகிவிட்டது. உதவி என்றால் இதுவல்லவா உதவி!

வகுப்பில் அவள் கணக்கு திரையில் வந்ததும் பின்வரிசையில் சிரிப்பு. பத்து வருஷத்தில் முடிகிற ப்ராஜெக்டுக்கு மேலே இருபது வரிகள் எங்கிருந்து வந்தன என்று பேராசிரியை மமதா ஆங்கிலத்தில் கேட்டார். சங்கமித்ரா கேஸ் தாளைப் புரட்டினாள். அதில் தண்ணீரும் இல்லை, டம்ப்பும் இல்லை. யாரும் கேட்காத செலவையெல்லாம் எழுதி வைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்தது. போச்சு, படிப்பு போச்சு. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆங்கிலத்தில் தொடங்கிய வாய் தமிழுக்குத் தாவிவிட்டது.

"ப்ராஜெக்ட் முடிஞ்சிடுது மேடம். நாங்க அங்கயேதான இருக்கோம்?"

சிரிப்பு நின்றது. மமதா அந்த இருபது வரிகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு, பலகையில் தாம் எழுதி வைத்திருந்த எட்டுக் கோடியை அழித்தார். ஆறு வருஷமாக இந்தக் கேஸை நடத்துகிறேன், பதினோராவது வருஷம் என் புத்தியில் தட்டவே இல்லை என்றார். வகுப்பிலேயே அதிக மார்க் அவளுக்குத்தான். சந்தோஷத்தில் சங்கமித்ராவுக்கு அழுகையே வந்துவிட்டது.

திங்கட்கிழமை ரயிலில் எல்லோருக்கும் மசால் வடை. "வேலி என்னுது" என்று லாய்ட் அண்ணன் இரண்டாக எடுத்தார். வாட்ச்மேன் கணக்கில் டீனாவும் இரண்டு எடுத்தாள். அடுத்த கேஸ் சிமென்ட் ஃபேக்டரி என்று சொல்லிக்கொண்டே சங்கமித்ரா லேப்டாப்பைத் திறந்தாள்.

லாய்ட் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"தூளு யார் வூட்டுக்குப் போவுது? அத மொதல்ல எழுது."