சுத்தம் என்று எழுதிய டேப்

பார்க்காத மாதிரி போய்விடலாம். வழக்கம்போல் குளித்துவிட்டு வந்திருந்தால் இந்தப் பூனை தானாகவே இறங்கிப் போயிருக்கும். நானும் கோட்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பியிருப்பேன். தெரியாமல் இருப்பது ஒன்றும் பொய் ஆகாதே.

வாயில் பிரஷ்ஷோடு கூடத்து வாசலில் நின்றபடி அவள் இப்படி நினைத்துக்கொண்டிருந்தாள். இஸ்திரி போட்டு நாற்காலியில் மடித்து வைத்திருந்த வெள்ளைக் கோட்டின் மேல் பூனை சுருண்டு கிடந்தது. ஆரஞ்சு நிறப் பூனை. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் ஏதோ செய்துவிட்டு வந்தவர்கள் என்பதுபோல் ஒரு பார்வை பார்க்கும் என்பதால், மகள் அதற்கு ஜட்ஜ் என்று பேர் வைத்திருந்தாள். ஜட்ஜ் இப்போது வாலை மூக்கின் மேல் போட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியது.

"ரொம்ப நாளா அங்கதான் படுக்குதா?" என்று நுரையோடு கேட்டாள்.

"எது, ஜட்ஜா?" கணவன் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீ கோட்டை வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பிச்ச நாள்லேர்ந்து. இஸ்திரி சூடு பிடிச்சுப் போச்சு அதுக்கு. நீ குளிக்கப் போனா ஏறும், வந்தா இறங்கிடும். நீ பாத்ததே இல்லையா?"

"நீங்க சொல்லியிருக்கலாம்ல."

"வீட்டுல நீதான துப்பு துலக்குறவ."

அந்தக் கோட் ஆய்வுக்கூடத்தினுடையது. குற்றம் நடந்த இடங்களிலிருந்து போலீஸ் சேகரித்து அனுப்பும் தடயங்களை அங்கே பரிசோதித்து, நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவார்கள். அவளுக்கு ஒதுக்கியிருப்பது முடி. மனித முடி, நாய் முடி, கம்பளிப் போர்வையின் இழை, எதுவானாலும் அவள் மேஜைக்குத்தான் வரும். மூன்றாம் மாடியில் அவளுக்குப் பேரே முடிக்காரம்மா. ரத்தப் பிரிவில் இருப்பவரைக் கூப்பிடும் பேரோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை என்று அவள் விட்டுவிட்டாள்.

கோட்டை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது விதி. ஆனால் ஆய்வுக்கூடத்துச் சலவைக்குப் போன கோட் எதுவும் முழுப் பொத்தான்களோடு திரும்பியதில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஒரே ஒரு பொத்தானோடு வந்த கோட்டைப் பார்த்துவிட்டு அவள் பொறுமை இழந்தாள். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பையில் சுருட்டிக்கொண்டு வந்து தானே துவைத்து, தானே இஸ்திரி போட்டு, திங்கட்கிழமை ஐந்து பொத்தானும் பளபளக்கப் போட்டுக்கொண்டு போனாள். அதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. அந்தப் பெருமையின் மேல்தான் இப்போது பூனை படுத்திருந்தது.

அப்படிப் போன ஒரு திங்கட்கிழமைதான் அவள் கடிகாரக் கடை வழக்கின் பொட்டலத்தைப் பிரித்தாள்.

கடையின் பின்பக்கக் கதவை உடைத்து யாரோ நாற்பது கைக்கடிகாரங்களை எடுத்துப் போயிருந்தார்கள். போகும் முன் முதலாளியின் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து, டப்பாவில் இருந்த பிஸ்கட்டை எல்லாம் தின்றிருந்தார்கள். அந்த நாற்காலி மெத்தையில் போலீஸார் ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதில் மூன்று ஆரஞ்சு முடிகள். கடைக்கு வாராவாரம் கண்ணாடி துடைக்க வரும் ஆள் ஓர் ஆரஞ்சுப் பூனை வளர்த்தான். ஆரஞ்சு முடி என்று அவள் தெரிவித்த பிறகு, போலீஸார் அதன் முடியையும் சீவி எடுத்து அனுப்பினார்கள். அவள் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து நுண்ணோக்கியில் பார்த்து, 'வேறுபடுத்த முடியவில்லை' என்று எழுதினாள். அந்த மூன்று முடியைக் கண்டதும் மனசுக்குள் ஒரு துள்ளல் வந்ததே, அது இன்றைக்கும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. இருபத்து நான்கு நாளாகக் கண்ணாடி துடைப்பவன் காவலில் இருந்தான். நாளைக்கு அவனுடைய ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது. அவனுக்கு எதிராக வேறு ஒரு துரும்பும் கிடையாது.

"அம்மா, நீ ஏன் பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் மகள்.

"சீப்பு எடுத்துட்டு வா கண்ணு. ஜட்ஜுக்குத் தலை சீவணும்."

"கோர்ட்ல போயி இது ஜட்ஜோட முடின்னு சொல்லிடாத," என்றான் கணவன். "உன்னை உள்ள வெச்சிருவாங்க." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தவன், செய்தித்தாளை மெதுவாக மடித்து வைத்தான்.

அன்று அவள் கோட்டைப் பையில் சுருட்டவில்லை. பெரிய காகித உறை ஒன்றில் போட்டு, வாயை மடித்து ஒட்டி, மேலே தேதியும் நேரமும் எழுதினாள். கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டவர்போல் ஜட்ஜ் மேஜைக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது.

ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்னாலும் மேஜையைத் துடைத்து, வெள்ளைக் காகிதம் விரித்து, புது டேப் ஒன்றைக் கிழித்து அந்தக் காகிதத்திலும் தன் கோட்டுக் கையிலும் ஒத்தி எடுக்க வேண்டும். அதைக் கண்ணாடித் தாளில் ஒட்டி, நுண்ணோக்கியில் பார்த்து, ஒன்றுமில்லை என்றால் 'சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொட்டலத்தில் கிடைப்பது பொட்டலத்தோடுதான் வந்தது, நம்மிடமிருந்து போகவில்லை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. வெறும் டேப் என்று அதற்குப் பேர். நுண்ணோக்கி வரைக்கும் அதை யாரும் கொண்டுபோவதில்லை என்பதுதான் விஷயம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, சுத்தம் என்று எழுதிவிடுவார்கள். அவளும் அப்படித்தான் எழுதியிருந்தாள். அழகான கையெழுத்து வேறு.

பழைய கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்து நுண்ணோக்கியின் அடியில் வைத்தாள். வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்கு மெல்ல நகர்த்தினாள். பாதி வரை ஒன்றுமில்லை. அந்தப் பாதியில் அவளுக்கு எவ்வளவு நம்பிக்கை வந்தது என்பதை நினைத்தால் பிறகு வெட்கமாக இருந்தது. முக்கால் தூரத்தில், தன் கையெழுத்துக்கு ஒரு விரல் தள்ளி, வளைந்து கிடந்தது ஒரு முடி.

பக்கத்து மேஜையில் கார் பெயின்ட் துணுக்குகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த மூத்தவள், எல்லோருக்கும் பெயின்ட் அக்கா, நாற்காலியோடு உருண்டு வந்தாள்.

"என்னடி, நெருப்பை முழுங்கின மாதிரி உக்காந்திருக்க?"

"அக்கா, இதைப் பாருங்க. எந்த டேப்புன்னு கேக்காதீங்க. பாத்துட்டு சொல்லுங்க."

அக்கா குனிந்து பார்த்தாள். "பூனை. ஆரஞ்சு. நடுவுல ஏணி மாதிரி இருக்கு பாரு. இது அந்தக் கண்ணாடிக்காரன் பூனைதான?"

"என் பூனை."

அக்கா நிமிரவே இல்லை. நுண்ணோக்கிக்குள் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள், "அடிப்பாவி."

"நாற்காலியிலிருந்து வந்த மூணும் நிஜமாவே அவன் பூனையோடதா இருக்கலாம். என் கோட்லேர்ந்து விழுந்ததாவும் இருக்கலாம். வீட்லேர்ந்து சீவி எடுத்துட்டு வந்து பாத்துட்டேன். ரெண்டு பூனையும் ஒரே மாதிரி இருக்கு. எனக்குத் தெரியல அக்கா."

"நல்லவேளை நான் பெயின்ட் பாக்குறேன். எங்க வீட்ல எந்தக் காரும் என் கோட் மேல ஏறிப் படுக்காது." சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். பிறகு பிரிவுத் தலைவரின் அறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "அரக்கு சார்கிட்ட போறியா? அடுத்த வாரம் தர ஆய்வுக் குழு வருது. மனுஷன் ஒரு மாசமா அலமாரிக்கெல்லாம் தூசு தட்டிட்டிருக்காரு."

"தெரியும்."

போவதற்கு முன் அவள் கோப்பை இன்னொரு தடவை புரட்டினாள். கண்ணாடி துடைப்பவனின் வாக்குமூலம் இரண்டே பக்கம். நான் வெளிப்பக்கம் மட்டும்தான் துடைப்பேன், உள்ளே போனதே இல்லை என்று நான்கு இடத்தில் சொல்லியிருந்தான். கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாயா என்ற வழக்கமான கேள்விக்கு அவன் கேட்டிருந்தது: 'என் பூனைக்கு யார் சாப்பாடு வைக்கிறார்கள்?' அதற்குக் கீழே பதில் எதுவும் எழுதப்படவில்லை. போன முறை படித்தபோது இந்த வரி அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. பெயின்ட் அக்காவிடம் வாசித்துக்கூடக் காட்டியிருந்தாள்.

பிரிவுத் தலைவருக்கு அரக்கு சார் என்ற பேர் வந்ததற்குக் காரணம், எந்தப் பொட்டலத்துக்கும் அவர் தன் கையாலேயே அரக்கு உருக்கி முத்திரை வைப்பார். அறை முழுக்க அந்த வாசனைதான். அவள் காகித உறையை அவர் மேஜையில் வைத்து, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கோட், பொத்தான், இஸ்திரி, பூனை, டேப். அவர் நடுவில் ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"பூனை பேரு ஜட்ஜா?"

"ஆமா சார்."

"வேற பேரே கிடைக்கலையாம்மா?"

சொல்லி முடித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். கோபப்பட்டிருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவர் கனிவாக இருந்தார்.

"உக்காரு முதல்ல. இங்க பாரும்மா, நீ எழுதினது என்ன? வேறுபடுத்த முடியலைன்னு. அதுல பொய் இருக்கா?"

"இல்ல சார்."

"அவன் எடுத்திருக்க மாட்டான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"பின்ன? நாப்பது கடிகாரத்தைப் பூனையா தூக்கிட்டுப் போச்சு? இதை நீ வெளிய சொன்னா கண்ணாடிக்காரன் கேஸோட நிக்காது. ரெண்டு மாசத்துல நீ பாத்த எல்லாத்தையும் கிளறுவாங்க."

"பதினொரு கேஸ் சார். எல்லா வெறும் டேப்பையும் நான் திரும்பப் பாக்கணும்."

அவர் பெருமூச்சு விட்டார். இழுப்பறையைத் திறந்து, புது டேப் சுருள் ஒன்றையும் வெறும் தாள் ஒன்றையும் எடுத்து அவள் பக்கமாக மேஜையில் நகர்த்தினார். நகர்த்தும்போது அவளைப் பார்க்கவில்லை.

"ரெண்டு அங்குலம். இப்ப உன் மேஜை சுத்தமா இருக்குமில்ல? ஒத்தி எடுத்து வெச்சிடு. தேதி மட்டும் பழசு போட்டுக்கோ. கோட்டை இங்கயே சலவைக்குப் போடு, பொத்தானுக்கு நான் பொறுப்பு. பூனையை நல்லாப் பாத்துக்கோ. நம்ம ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது."

பெயின்ட் அக்காவுக்கும் தெரியும் என்று அவள் நினைத்தாள். தன் கணவனுக்கும் இதற்குள் புரிந்திருக்கும். ஆனால் அவள் மனசு அதையெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. அந்தச் சுருளைப் பார்த்தபோது அவளுக்கே ஆச்சரியமாக ஒரு விஷயம் தெரிந்தது. காலையிலிருந்து கூடவே வந்த பயம் இப்போது இல்லை. பூனையைப் பார்த்த நொடியிலிருந்து, பார்க்காத மாதிரி இருப்பதற்கு யாராவது ஒரு வழி சொல்ல மாட்டார்களா என்றுதான் அவள் ஏங்கியிருந்தாள். இதோ வழி, மேஜைமேல், இரண்டு அங்குலம். கைக்கு எட்டும் தூரத்தில் வந்த பிறகு அது அவளுக்கு வேண்டியதாக இல்லை. இந்தப் புது டேப்பிலும் அவள் சுத்தம் என்று எழுதலாம். அது நிஜமாகவே சுத்தமாகவும் இருக்கும். அப்புறம் வாழ்நாள் முழுக்க எந்தத் தாளில் அந்தச் சொல்லை எழுதினாலும் ஓரத்தில் ஏதோ வளைந்து கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"நாளைக்குக் காலையில கோர்ட்டுக்கு நானே போறேன் சார்," என்றாள். "திருத்தின அறிக்கையை இன்னைக்கு ரெண்டு மணிக்குள்ள எழுதிடுவேன். பழைய வெறும் டேப்பைப் போட்டோ எடுத்துச் சேத்துடுறேன்."

"நான் சொன்னதை யோசிச்சுப் பாக்குறியா?"

"யோசிச்சுட்டேன் சார்."

டேப் சுருள் மேஜையின் சரிவில் அவள் பக்கமாக மெல்ல உருண்டது. அவள் ஒரு விரலால் அதைத் தடுத்து நிறுத்தி, அவர் பக்கமே திருப்பி வைத்தாள். பிறகு காகித உறையை அவர் முன்னால் நகர்த்தினாள். மேலே அவள் எழுத்தில் 'கோட், ஒன்று. பொத்தான், ஐந்து' என்று இருந்தது.

"அரக்கு நீங்களே வெச்சிடுங்க சார்," என்றாள். "உங்க கையால வெச்சாத்தான் ஒட்டும்."