நிரபராதியின் கையெழுத்து

"குற்றம் செய்யாத ஒருவன், செய்ததாகச் சொல்லும் தாளின் அடியில் தன் கையெழுத்தைப் போட்டதாக மனித வரலாற்றில் எங்கும் இல்லை. போட்டவன் ஒன்றில் குற்றவாளி, அல்லது கோழை. மூன்றாவது வகை மனிதரை இயற்கை இன்னும் படைக்கவில்லை."

ஹம் நகரத் தமிழர் மன்றத்தின் மாதக் கூட்டத்தில், தேநீருக்குப் பதினைந்து நிமிடம் முன்னதாக, கவிஷன் இதை அறிவித்தான். வயது இருபத்துமூன்று. பேச்சின் தலைப்பு 'அமெரிக்க நீதி: ஓர் அறிமுகம்'. ஜெர்மனியில் இருப்பவர்களுக்கு அமெரிக்க நீதி எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவனிடம் பதில் இருந்தது: எட்டு வார இணைய வகுப்பு, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புள்ளி, வண்ணத்தில் அச்சடித்த சான்றிதழ். ஜெர்மன் சட்டத்தை அவன் தனியாகப் படிக்கவில்லை. சட்டம் என்றால் எங்கும் சட்டம்தானே.

பொலிஸ்காரன் ஒருவரை மறிப்பதற்குக் காரணம் வேண்டும் என்றான். மறிக்கப்பட்டவருக்கு மௌனம் காக்க உரிமை உண்டு என்றான். பன்னிரண்டு பேர் கொண்ட நடுவர் குழு, பகிரங்க விசாரணை, சந்தேகத்துக்கு அப்பால் நிரூபணம் என்று விரல் மடக்கினான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"ஆனா அங்க நூறு பேர் தண்டிக்கப்பட்டா, தொண்ணூறு பேருக்கு மேல ஒரு சாட்சியும் விசாரிக்கப்படாமல், பேரம் பேசி ஒப்புக்கொண்ட ஆக்கள். ஏனெண்டு நினைக்கிறியள்? பயம்! வேற ஒண்டுமில்லை. எங்கட மன்றத்திலயும் ஒருத்தர் இருக்கிறார். பேர் சொல்லமாட்டன். மூண்டாவது வரிசை, நீலச் சுவெற்றர்."

மண்டபம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நீலச் சுவெற்றருக்குள் இருந்தவர் றெஜினோல்ட், தொழிற்சாலை ஒன்றில் மாறிமாறி ஷிப்ட் வேலை பார்ப்பவர். போன வருடம் ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகரைத் தள்ளிவிட்டதாக அவர்மீது வழக்கு வந்தது. தள்ளியது அவருக்குப் பின்னால் நின்ற வேறொருவன். ஆனாலும் அரச வழக்குத்தொடுநர் அனுப்பிய சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, ஐம்பது மணித்தியாலம் முதியோர் இல்லத் தோட்டத்தில் இலை கூட்டினார். வழக்கு மூடப்பட்டது.

"தம்பி, வழக்குக்குப் போகோணுமெண்டா, எனக்கு அந்தக் கிழமை பின்னேர ஷிப்ட்," என்றார் றெஜினோல்ட்.

"நீதிக்கு ஷிப்ட் இல்லை அண்ணை!"

கைதட்டல் தேநீர் வரும்வரை ஓயவில்லை. கொலோனில் இருந்து வந்திருந்த ஒருவர், இதே பேச்சை அங்குள்ள சங்கத்திலும் பேச வேண்டும் என்று அந்த இடத்திலேயே நாள் குறித்தார்.

அந்த ஏப்ரலில் கவிஷனுக்கு எல்லாமே கைகூடி வந்தன. செப்டெம்பர் முதலாம் திகதி ஒரு நீதிமன்ற அலுவலகத்தில் அவனுடைய அவுஸ்பில்டுங், சம்பளத்தோடு கூடிய தொழிற்பயிற்சி, தொடங்க இருந்தது. இரண்டு வருடம் விண்ணப்பித்து, மூன்று பரீட்சை எழுதிக் கிடைத்த இடம். அம்மா சிவமலர் அதைத் தொலைபேசியில் அழைத்தவர்களுக்கும் சொன்னாள், தவறுதலாக அழைத்தவர்களுக்கும் சொன்னாள்.

கொலோன் பேச்சுக்குப் புறப்பட்ட சனிக்கிழமை காலை, சங்கத்துக்காரருக்கென்று அவள் நாற்பது மட்டன் ரோல்ஸ் பொரித்து, பத்துப் பத்தாக அலுமினியத் தாளில் சுற்றி, அவன் தோள்பையில் அடுக்கினாள். மேலே ஒரு போத்தல் சம்பல். சிவமலர் மூடிய போத்தல் ஒழுகாமல் ஊர் போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

ரயில் மாற வேண்டிய நிலையத்தில் அவனோடு நாற்பது பேராவது இறங்கியிருப்பார்கள். பெரிய சூட்கேஸ்காரர், நாயோடு ஒருவர், காலையிலேயே பியர் போத்தலோடு மூவர். மேடையில் இரண்டு பொலிஸ்காரர் நின்றார்கள். கல்யாண வீட்டில் சொந்தக்காரரைத் தேடுபவர்கள்போல எல்லா முகங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, நேராகக் கவிஷனிடம் வந்தார்கள்.

"அடையாள அட்டை," என்றார் மூத்தவர்.

அட்டையைக் கொடுத்தான். அதை இரண்டு பக்கமும் பார்த்தார். அதில் குடியுரிமை ஜெர்மன் என்றுதான் இருந்தது.

"என்னை மட்டும் ஏன் மறித்தீர்கள்?"

"வழமையான சோதனை."

"நாற்பது பேர் இறங்கினார்கள்."

"நாற்பது பேரையும் சோதிக்க எங்களிடம் ஆள் இல்லை."

கவிஷன் நிமிர்ந்து நின்றான். எட்டு வாரம் படித்தது இந்த நிமிடத்துக்காகத்தான்.

"நான் கைது செய்யப்பட்டிருக்கிறேனா?"

"இல்லை."

"அப்படியானால் போகலாமா?"

"இல்லை."

அவன் படித்த பாடத்தில் இந்த இரண்டாவது 'இல்லை' இருக்கவில்லை.

"பைக்குள் என்ன?"

"மௌனம் காக்க எனக்கு உரிமை உண்டு."

"நல்லது. மௌனமாகப் பையைத் திறவுங்கள்."

திறந்த பக்கத்தால் அலுமினியத் தாள் பளபளத்தது. மூத்தவர் பையின் வாரைப் பிடித்தார். சம்பல் போத்தல் சரிவதைக் கண்ட கவிஷன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அவர் இழுத்தார். இவன் விடவில்லை. அவர் இன்னும் இழுத்தார். வார் அறுந்தது. வாரும் கையுமாக மூத்தவர் மேடையில் விழுந்து குந்தினார். நாற்பது ரோல்ஸும் தண்டவாளம் வரை போயின.

இளைய பொலிஸ்காரர் ஒரு ரோலைப் பிய்த்து முகர்ந்து பார்த்துவிட்டுக் குறிப்பேட்டில் எழுதினார்: உருளை வடிவப் பொருட்கள், பழுப்பு நிறம், உள்ளே இறைச்சி. பியர் போத்தல்காரர் மூவரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

யூனில் வழக்குத்தொடுநரிடம் இருந்து கடிதம் வந்தது. அதைச் சரளா அக்காவிடம் கொண்டு போனான். ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் பதின்மூன்று வருடமாக வேலை செய்பவள். வழக்குக் கோப்பை வரவழைத்து, சட்டத்தரணியிடமும் காட்டி, அவனுக்கு ஒரு டேர்மின், நாளும் நேரமும் குறித்துக் கொடுத்தாள்.

"கடமையில இருந்த பொலிசை எதிர்த்தது. அதுதான் வழக்கு," என்றாள் அன்று. "திடீரெண்டு பலமா இழுத்து உத்தியோகத்தரை விழுத்தினதா எழுதியிருக்கு."

"நான் இழுக்கேல்லை அக்கா! விடேல்லை, அவ்வளவுதான். இழுக்கிறதும் விடாததும் ஒண்டா?"

"கோப்பில ஒண்டுதான்."

"நிலையத்தில கமரா இருக்கே!"

"இருந்தது. மூண்டு நாளில பதிவு தானா அழிஞ்சிடுமாம். வைக்கச் சொல்லி ஒருத்தரும் கேக்கேல்லை."

"நான் கேக்கோணும் எண்டு எனக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லமாட்டினம்."

"சாட்சி?"

"மற்றப் பொலிஸ்காரர். அவர் கண்டவராம்."

கவிஷன் எழுந்து நின்றான். இருந்தபடி சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. நாற்பது பேரில் தன்னை மட்டும் மறித்ததைச் சொன்னான். மறித்தவரே இழுத்தார், இழுத்தவரே விழுந்தார், விழுந்தவரே முறைப்பாட்டை எழுதினார், அவருக்குப் பக்கத்தில் நின்றவரே சாட்சி. இது நீதியா, குடும்ப வியாபாரமா என்று கேட்டான். அவன் முடித்ததும் சரளா இரண்டாவது தாளை எடுத்து வைத்தாள்.

"வழக்குத்தொடுநர் ஒரு வழி சொல்லுறார். அந்த உத்தியோகத்தருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம், நாற்பது மணித்தியாலம் பொதுவேலை. செய்தா வழக்கை மூடுவினம். தண்டனை இல்லை, பதிவும் இல்லை. சம்மதமெண்டா கையெழுத்து."

"இல்லையெண்டா?"

"வழக்கு. நீதிமன்ற டேர்மின் வர அடுத்த வருசம் பங்குனி, சித்திரை ஆகும்."

"வரட்டும்! நான் நிரபராதி."

"ஓம். ஆனா இதில ரெண்டு பெட்டிதான் இருக்கு. சம்மதம், சம்மதமில்லை. நிரபராதிக்குப் பெட்டி இல்லை."

கவிஷன் இரண்டாவது பெட்டியில் புள்ளடி போடுவதாகச் சொல்லி, தாளை மடித்துக்கொண்டு வெளியேறினான். வீட்டுக்கு வந்து வழக்குத்தொடுநருக்குப் பதினொரு பக்கத்தில் பதில் எழுதத் தொடங்கினான். நான்காம் பக்கத்தில் இருந்தபோது, வேலை கிடைத்த நீதிமன்றத்தில் இருந்து வேறொரு கடிதம் வந்தது. சேர்பவர் தன்மீது எந்தக் குற்ற விசாரணையும் நிலுவையில் இல்லை என்று யூலை முப்பத்தோராம் திகதிக்குள் எழுதித் தர வேண்டும்.

அவன் தொலைபேசி எடுத்தான்.

"விசாரணை ஒன்று இருக்கிறது. ஆனால் அது பொய்யானது," என்றான்.

"நிலுவையில் இருக்கிறதா, இல்லையா?" என்றது மறுமுனை. கோபமில்லாத, உதவி செய்ய விரும்பும் குரல்.

"குற்றம் நிரூபிக்கப்படும்வரை நான் நிரபராதி அல்லவா?"

"நிச்சயமாக. நிலுவையில் இருக்கிறதா?"

நீதிமன்றத்துக்குள் போய்த் தன் நிரபராதித்தனத்தை நிரூபித்தால், நீதிமன்றத்தில் வேலை இல்லை. நிரூபிக்காமல் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால், வழக்கு நிலுவையில் இல்லை என்று ஏற்றுக்கொள்வார்கள்; வேலை உண்டு. அடுத்த வருடம் மீண்டும் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டான். விண்ணப்பிக்கலாம், ஆனால் இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது, இந்தத் தடவையே எட்டு இடத்துக்கு நூற்றுநாற்பது பேர் என்றது அதே இனிய குரல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை றெஜினோல்ட் வீட்டுக்கு வந்தார். மன்றத்துக்குள் செய்தி பரவியிருந்தது. பகிடி பண்ண வந்திருக்கிறார் என்று கவிஷன் நினைத்தான். பகிடிக்குப் பதிலும் தயாராக வைத்திருந்தான்.

"டேர்மின் வந்தாச் சொல்லும் தம்பி," என்றார் அவர். "எந்த மாசமெண்டாலும் ஒரு நாள் லீவு தரச் சொல்லி மேற்பார்வையாளரிட்டச் சொல்லிப்போட்டன். பின் வாங்கில இருப்பன். ஒண்டும் கதைக்கமாட்டன்."

"நீங்கள் ஏன் அண்ணை?"

"அண்டைக்கு நீர் சொன்னது எனக்குப் பிடிச்சது. பகிடி பிடிக்கேல்லை. சொன்னது பிடிச்சது." தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஒரு ஆளாவது போய் நிண்டு, நான் செய்யேல்லை எண்டு அவையின்ர முகத்துக்கு நேர சொல்லோணும். எனக்கு ஏலாமல் போச்சு. நீர் படிச்சனீர், உமக்கு ஏலும்."

"ஓம் அண்ணை," என்றான் கவிஷன். "கட்டாயம்."

சிவமலர் அவருக்கு இன்னொரு வடை வைத்தாள். அவர் அதையும் சாப்பிட்டுவிட்டு, எந்தச் சட்டையில் வந்தால் நீதிமன்றத்துக்கு மரியாதையாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டு போனார்.

பதினொரு பக்கக் கடிதம் ஏழாம் பக்கத்தில் நின்றது. யூலை இருபத்தெட்டாம் திகதி, மதியச் சாப்பாட்டு வேளையில், அலுவலகத்தில் வேறு ஒருவரும் இல்லாத நேரம் பார்த்துக் கவிஷன் சரளாவின் மேசைக்கு முன்னால் வந்து அமர்ந்தான். மடித்த தாளை விரித்தான். முதல் பெட்டியில் புள்ளடி ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. இரண்டாவது பெட்டியில் இருந்த புள்ளடி மைபூசி அழிக்கப்பட்டிருந்தது.

சரளா புதிய படிவம் ஒன்றை அச்சடித்துக் கொடுத்தாள். "அழிச்சிருந்தா ஏற்கமாட்டினம்."

"மன்னிப்புக் கடிதமும் கொண்டு வந்திருக்கிறன் அக்கா."

அவள் வாசித்தாள். மூன்றாவது வரியில் நின்றாள். "'நீங்கள் விழுந்ததற்கு வருந்துகிறேன்.' இது சரிவராது."

"அவர் விழுந்தவர்தானே? அது உண்மை. எனக்கு வருத்தமும் உண்மை."

"விழுந்ததுக்கு இல்லை. உம்மட நடத்தைக்கு வருந்தோணும்."

"என்ன நடத்தை அக்கா? பையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன்."

"அதுதான்."

கவிஷன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். எதிர்க்கடையில் ஒருவன் தக்காளிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் மூன்று பெட்டி அடுக்கி முடிக்கும்வரை பார்த்தான். பிறகு பேனாவை எடுத்து, 'நீங்கள் விழுந்ததற்கு' என்பதை வெட்டி, 'என் நடத்தைக்கு' என்று எழுதினான். வெட்டுக்குத்து இருந்தால் மரியாதையில்லை என்று அவனுக்கே பட்டது. வெள்ளைத் தாள் ஒன்று கேட்டு வாங்கி, முழுக் கடிதத்தையும் முதலில் இருந்து அழகான எழுத்தில் எழுதினான். 'வருந்துகிறேன்' என்பதற்கு முன்னால் 'மனதார' என்ற சொல்லையும் சேர்த்தான். அதைச் சேர்க்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

"றெஜினோல்ட் அண்ணை வழக்குத் திகதி கேட்டா..." என்று தொடங்கினான்.

"இந்த அலுவலகத்தில நடக்கிறது வெளியில போகாது."

"நன்றி அக்கா."

அவள் படிவத்தின் அடியில், கோட்டுக்குப் பக்கத்தில் விரலை வைத்தாள். கவிஷன் முழுப் பெயரையும் தெளிவாக எழுதிக் கையெழுத்திட்டான். இரண்டாவது பிரதி வேண்டும் என்றாள். அதிலும் போட்டான்.