‘தெரியாது’ இல்லாத பாஷை

1985ஆம் ஆண்டு மாசி மாதம் பதினோராம் திகதி, தீவுக் கிராமமான சரவணையில் சறோஜினிதேவியின் உப்புக் கிணறு, அவள் சொன்ன ஒரு வசனத்தைக் கேட்டு நல்ல தண்ணீரானது. வசனம் தமிழில் இல்லை. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இல்லை. பதினெட்டு மாதமாகக் குசினி மேசையில் இருந்து அவளே செய்த பாஷையில் இருந்தது. அன்றைக்கு அந்தப் பாஷையில் நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள். எல்லாம் இரண்டு பள்ளிக்கூடக் கொப்பிகளுக்குள் அடங்கின.

அவள் இலக்கணம் படிப்பித்த ரீச்சர். புருஷன் வைத்திலிங்கம் தெற்கே ஒரு பட்டினத்தில், ஒன்றுவிட்ட தம்பி அரியநாயகத்தோடு கூட்டாகக் கடை வைத்திருந்தார். 1983 ஆடியில் கடையை வளைத்தவர்கள் ஒரு வாளியைத் தூக்கிக் காட்டி, அதன் பெயரைச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார்கள். அரியநாயகத்தின் நாக்கு அந்த ஊரில் பிறந்தவனுடையதுபோல் புரண்டது. வைத்திலிங்கத்தின் நாக்கு சரவணை நாக்காகவே இருந்தது. இவனை உனக்குத் தெரியுமா என்று அரியநாயகத்தைக் கேட்டார்கள். தெரியாது என்றான். ஊர் திரும்பியதும் வைத்திலிங்கத்தின் செத்தவீட்டில் அதை அவனே சொன்னான்.

“வேற என்ன செய்யிறது மச்சாள்? ஒரு சொல்லுத்தானே. சொல்லாட்டி ரெண்டு பேரும் போயிருப்பம்.”

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அவள் கொப்பியைத் திறந்தாள். முதலில் ‘தெரியாது’ என்ற சொல்லை எடுத்துவிட்டாள். அதன் பின்னால் இல்லை, ஏலாது, மாட்டேன், வேண்டாம் எல்லாம் தாமாகவே கழன்று விழுந்தன. எதிர்மறையே இல்லாத பாஷை. அதற்கு இரண்டு விதிகள் வைத்தாள். எந்தப் பேச்சும் ‘ஏமிலு’ என்று தொடங்கவேண்டும். ‘வைத்திலிங்கத்தை எனக்குத் தெரியும்’ என்பது அதன் பொருள். பேசி முடித்தவர் ‘நூதை’ என்று சொன்னால்தான் தமிழுக்குத் திரும்பலாம். அதுவும் அவள் வாயால் அச்சொல்லைக் கேட்டவருக்கே பலிக்கும். கிணற்றை நினைத்து அவள் இதைச் செய்யவில்லை. வாளியை இறக்கும்போது ஒருநாள் உரத்துச் சொல்லிப் பார்த்தாள். தண்ணீர் மாறிவிட்டது. இனி ஊரே இதைப் படிக்க வரும் என்று கண்டுகொண்டாள். ஊர் வந்தால் அரியநாயகமும் வரவேண்டும்.

சித்திரைக்குள் ஒழுங்கை முழுவதும் படித்து முடித்து, தன் தன் கிணற்றையும் மாற்றிக்கொண்டது. கிணற்றுப் பாஷை என்று பெயர் வைத்தார்கள். பிள்ளையார் கோயில் ஐயர் அதில் அர்ச்சனை செய்யத் தொடங்கியபின் விளக்குக்குப் பாதி எண்ணெய் போதுமாக இருந்தது. பெண் பார்க்க ஆட்கள் வரும் நாளில் குமர்ப்பிள்ளைகள் அதை வாயில் எடுக்கக் கூடாதென்று தாய்மார் தடுத்தார்கள். ஊர்காவற்றுறையிலிருந்து சைக்கிளில் வந்து படித்த அம்புறோஸ் செபங்களை மாற்றி எழுதிக்கொண்டே போய், பத்துக் கட்டளையில் முட்டி நின்றார்.

“ரீச்சர், கொலை செய்யாதே எண்டதை எப்பிடிச் சொல்லுறது?”

“அவன் சீவிக்கட்டும் எண்டு எழுதும்.”

“களவெடாதே?”

“உன்ர உன்னட்ட இருக்கட்டும்.”

“பொய்ச்சாட்சி?”

அவள் தலையை நிமிர்த்தவில்லை. “அதை விடும் அம்புறோஸ். அதுக்கு வேற ஒழுங்கு வைச்சிருக்கிறன்.”

அரியநாயகம் மட்டும் படிக்க வரவில்லை. முதற்சொல்லின் பொருள் அவனுக்குத் தெரிந்திருந்தது. மூன்று வருடம் வேலணையிலிருந்து சைக்கிளில் தண்ணீர்க் கான் கட்டி வந்தான். “ஏன் அண்ணை இந்தப் பாடு? ஒரு சொல்லுத்தானே!” என்று பக்கத்து வீட்டு இராசமணி வேலிக்கு மேலால் கேட்பாள். 1988 ஆவணியில் முழங்கால் வீங்கிச் சைக்கிள் மிதிக்க முடியாமல் போனதும், சறோஜினிதேவியின் வாசலில் வந்து நின்றான்.

“மச்சாள், எனக்கும் படிப்பியுங்கோ.”

“முதல் சொல்லைச் சொல்லும்.”

காலை பஸ் போனது. மத்தியானப் பஸ்ஸும் போனது. பிறகு சொன்னான். அவள் அவனுக்கு மிச்ச நானூற்றுப் பத்துச் சொற்களையும் ஒரு கிழமை இருந்து பொறுமையாகப் படிப்பித்தாள். ‘நூதை’யை மட்டும் படிப்பிக்கவில்லை.

அன்றிலிருந்து அவனுக்குத் தமிழ் திரும்பவில்லை. சிங்களமும் வரவில்லை. தேத்தண்ணி கேட்டாலும், பஸ்ஸில் இறங்குமிடம் சொன்னாலும், முதலில் வைத்திலிங்கத்தைத் தெரியும் என்றே வாய் தொடங்கியது. கேட்டதற்கெல்லாம் தலை ஓம் என்று ஆடியது. வேலியைக் கேட்டவர்களுக்கு வேலியைக் கொடுத்தான். ஆடுகளும் போயின. அவன் கிணறு தேன்போல் இனித்தது. வாசலில் வந்து அழுதபோது, “பாஷை முழுக்கப் படிச்சிட்டீர். போம்” என்றாள்.

1990இல் இராணுவம் தீவுக்கு வந்தது. மிஞ்சியிருந்த சனத்தைக் கோயில் வெளியில் இருத்தி, ஒருவரை இன்னொருவர் தெரியும் என்று சொன்னால் விட்டார்கள். அரியநாயகத்தைக் கேட்பது அதிகாரிக்கு வசதியாக இருந்தது. அவன் தலை எல்லோருக்கும் ஆடியது. இராசமணியைத் தெரியும். ஐயரைத் தெரியும். முன்பின் கண்டிராத இரண்டு மண்டைதீவுப் பெடியளையும் தெரியும். முப்பத்தொரு பேர் வீட்டுக்குப் போனார்கள். கடைசியாகச் சறோஜினிதேவியையும் தெரியும் என்றான். அவள் எழுந்து சேலையைத் தட்டினாள். இத்தனை பேரைத் தெரிந்து வைத்திருப்பவன் யாரென்று அதிகாரி அவளைக் கேட்டான். அவனுக்காகச் சொல்ல அந்த வெளியில் வேறு ஆள் மிஞ்சவில்லை. அரியநாயகம் அவளைப் பார்த்தான்.

“தெரியாது” என்றாள். பிறகு, விளங்காமல் போய்விடக் கூடாதென்று, புருஷனின் கடையில் பொறுக்கிய சிங்களத்திலும் ஒருமுறை சொன்னாள்.

அவனை ட்றக்கில் ஏற்றினார்கள். ட்றக் வேலணைத் திருப்பத்தில் மறையும்வரை ‘ஏமிலு, ஏமிலு’ என்று கேட்டது. அவள் நின்று முழுவதையும் கேட்டாள். அவன் திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை அவளுடைய வாளிக்கு மட்டும் உப்புத் தண்ணீர் வந்தது. அதே கிணற்றில், அதே கயிற்றில், இராசமணியின் வாளிக்கு நல்ல தண்ணீர்.

“ரீச்சர், நான் அள்ளித் தாறன்.”

“வேண்டாம் பிள்ளை.”

உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தேயிலை போட்டு, படியில் உட்கார்ந்து கடைசி மிடறுவரை குடித்தாள். நல்லாயிருக்கு என்றாள். 1995இலும் அப்படியே குடித்துக்கொண்டிருந்தாள். புதிதாய் வருகிறவர்களுக்கு வழி சொல்லும்போது, பிள்ளையார் கோயில் தாண்டி, உப்பு வாளி வீட்டுக்கு அடுத்த ஒழுங்கை என்று ஊரார் சொல்வார்கள்.