திங்கட்கிழமை வேலூருக்கு

“செம்பக் கீழ வைப்பா. அவர நான் ஒருத்தியே குளிப்பாட்டிக்கிறேன்,” என்று சவுரியம்மாள் கொழுந்தனின் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

வேட்டியை மடித்துக் கட்டித் தயாராக நின்ற அன்பரசனுக்கு ஒன்றும் புரியவில்லை.

“இன்னா அண்ணி இது? எங்கண்ணன நான் தொடக் கூடாதா? வெளிய சொந்தக்காரங்க இன்னா நெனைப்பாங்க?”

“நெனைக்கட்டும்.”

வீட்டுக்குப் பின்னால் பெஞ்சின்மேல் ரத்தினசாமியின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். முந்தின நாள் தோல் கம்பெனியிலிருந்து வந்து டீ கேட்டவர், மகள் பிரிசில்லா டம்ளரோடு வருவதற்குள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர். ஆம்பூரில் அவருக்குத் தெரியாத ஆளில்லை. காலையிலிருந்து வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

அம்மா ஏன் அடம்பிடிக்கிறாள் என்பது பிரிசில்லாவுக்கு மட்டும் தெரியும். அப்பா லாரி ஓட்டிய காலத்தில் வந்த எச்ஐவி. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது தெரியவந்தது. நல்லவேளையாக அம்மாவுக்கும் அவளுக்கும் இல்லை. ஒரு நாளும் விடாமல் மாத்திரை போட்டு, கிருமி ரத்தத்தில் தென்படாத அளவுக்கு அதை அடக்கி வைத்திருந்தார் அப்பா. தொட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று அம்மாவுக்கும் தெரியும். அவளுடைய பயம் வேறு. பின்னால் எப்போதாவது விஷயம் வெளியே வந்து, இன்று அவரைத் தொட்ட யாரும் தங்கள் கையைப் பார்த்து முகம் சுளித்துவிடக் கூடாது.

அன்பரசனின் மகன் ஜோசுவா முன்னால் வந்தான். வேலூரில் காலேஜ் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவன்.

“அப்பா, நீ போய் ஃபாதர் வந்துட்டாரான்னு பாரு. பெரியம்மாவுக்கு நான் கூட இருக்கேன்.”

அன்பரசன் முனகிக்கொண்டே போனார்.

“நீயும் போடா கண்ணு,” என்றாள் சவுரியம்மாள்.

ஜோசுவா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டான். “எனக்குத் தெரியும் பெரியம்மா.”

“இன்னா தெரியும்?”

“பெரியப்பாவே சொன்னாரு.”

சவுரியம்மாள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். “யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கின மனுசன்!”

ஜோசுவா பெரியப்பாவின் தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, காதுக்குள் தண்ணீர் போய்விடாமல் மெதுவாக நெற்றியில் ஊற்றினான். அதைப் பார்த்துக்கொண்டே நின்ற சவுரியம்மாள் குனிந்து சோப்பை எடுத்தாள்.

“கக்கத்துல நல்லா தேயி. கம்பெனி வாட அங்கதான் ஒட்டிக்கும். தெனம் இதுக்குத்தான் சண்ட.”

பிரிசில்லா துண்டை நீட்டினாள்.

கல்லறையிலிருந்து எல்லோரும் திரும்பிய பிறகு, தண்ணீர்த் தொட்டி அருகே கால் கழுவிக்கொண்டிருந்த ஜோசுவாவிடம் கேட்டாள். “அப்பா ஏண்டா உங்கிட்ட சொன்னாரு?”

அவன் குழாயை மூடினான்.

“காலேஜ்ல புதுசா சேர்ந்தவங்களுக்கு ரத்த டெஸ்ட் கேம்ப் வெச்சாங்கக்கா. இஷ்டப்பட்டா எடுத்துக்கலாம்னாங்க. எங்க க்ளாஸ்ல ஒருத்தன்கூட எந்திரிக்கல. போனா தப்பு பண்ணவன்னு அர்த்தமாம். எல்லாரும் சிரிச்சானுங்க. நானும் சிரிச்சேன்.” ஈரக் காலைத் தரையில் தேய்த்தான். “சேர்ந்த புதுசுல சீனியருங்களோட ஏலகிரி போனேன்ல, அந்த ராத்திரி...”

அவன் முடிக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

“தூக்கமே வரல. பெரியப்பாவுக்கு போன் பண்ணி அழுதேன். கம்பெனிக்கு லீவு போட்டுட்டு வந்தாரு. ஆஸ்பத்திரில டெஸ்ட் எடுக்குற ரூமுக்குள்ள போவ எனக்குக் காலே வரல. ‘நானும் எடுத்துக்கிறேன், வாடா’ன்னு எனக்கு முன்னாடி போய் உக்காந்து கைய நீட்டினாரு. அவரு ரிசல்ட் அவருக்குத் தெரியும்னு எனக்கு அப்போ தெரியாது.”

“உனக்கு?”

“எனக்கும் இருக்குக்கா.”

பிரிசில்லா அவன் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் அழுதப்போதான் சொன்னாரு. ‘என்னப் பாரு. இத்த வெச்சிக்கினுதான் உங்கக்காவத் தோள்ல தூக்கி வளத்தேன். இன்னிக்கும் மூட்ட தூக்குறேன். எங்கடா செத்தேன்?’ன்னாரு.”

அப்பாவின் குரல் அப்படியே வந்துவிட்டது. இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருந்தவன் திடீரென்று முகத்தைப் பொத்திக்கொண்டான். அவள் அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

“சித்தப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. கூட இருந்து சொல்றேன்னு பெரியப்பா சொல்லியிருந்தாரு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டான். “மாத்திர வாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போவோம். அப்புறம் பிரியாணி. ‘ஆம்பூர்க்காரன் வேலூர்ல வந்து பிரியாணி திங்கிறது கேவலம்டா’ன்னு திட்டிக்கினே ரெண்டு ப்ளேட் சாப்டுவாரு.”

“மறுபடி எப்போ போவணும்?”

“வர்ற திங்கக்கெழம.”

“நான் வர்றேன். சித்தப்பாகிட்டயும் நான் கூட இருக்கேன். மெதுவா சொல்லலாம்.”

திங்கட்கிழமை காலையில் இருவரும் கிளம்பி நின்றபோது, சவுரியம்மாள் எங்கே என்று கேட்கவில்லை. ஜோசுவாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “வெறும் வயித்துல போவாத,” என்று அவனை உட்காரவைத்து, இட்லி வைத்தாள். அவன் போதும் போதும் என்றபோதும் இன்னொன்று வைத்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மாதனூர் வருவதற்குள் ஜோசுவா தூங்கிப்போனான். அவன் தலை சரிந்து சரிந்து கடைசியில் பிரிசில்லாவின் தோளில் வந்து நின்றது. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “எங்கம்மா?” என்று சத்தமாகக் கேட்டார்.

அவள் தோளை அசைக்காமல், உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

“ரெண்டு வேலூர்,” என்றாள் மெதுவாக.